கழுத்தில் நெறி கட்டினால் எப்போது கவலைப்பட வேண்டும்? தங்கவயல் கற்றுத்தரும் பாடம்

கோலார் தங்கவயல்: கழுத்தின் ஓரத்தில் சிறு கட்டி ஒன்று தட்டுப்பட்டால், "நெறி கட்டியிருக்கிறது, நாலு நாளில் அடங்கிவிடும்" என்று சொல்வது தமிழர் வீடுகளில் வழக்கம். பெரும்பாலான நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கிறது. ஆனால் இரண்டு வாரங்களைக் கடந்தும் கரையாத கட்டி, வலியே இல்லாமல் மெல்லப் பெரிதாகும் கட்டி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாகத் தெரியும் கட்டி ஆகியவற்றை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத் தூசியைச் சுவாசித்த கோலார் தங்கவயல் போன்ற ஊர்களில் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது உயிரைக் காக்கும் செய்தியாகும்.

கழுத்தில் வீங்குவது எது?

பேச்சுவழக்கில் 'கழுத்துச் சுரப்பி வீங்கிவிட்டது' என்று சொன்னாலும், பெரும்பாலும் வீங்குவது சுரப்பி அல்ல, நிணநீர்க் கணு. உடல் முழுவதும் பல நூறு நிணநீர்க் கணுக்கள் உள்ளன. அவற்றில் கணிசமானவை கழுத்திலும் தாடைக்கு அடியிலும் காதைச் சுற்றியும் அமைந்துள்ளன. திசுக்களில் இருந்து வடியும் நிணநீரை வடிகட்டி, அதில் வரும் கிருமிகளைப் பிடித்து, அவற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களைப் பெருக்குவதே இவற்றின் வேலை. வாய், தொண்டை, பல், காது, தலைத்தோல் ஆகியவற்றில் எங்கே கிருமி நுழைந்தாலும் அதற்கு அருகில் உள்ள கணு பருத்து, தொட்டால் வலிக்கும். இதையே முன்னோர் 'நெறி கட்டுதல்' என்றனர்.

எந்தக் கணு வீங்கியிருக்கிறது என்பதைக் கொண்டே காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். தாடைக்கு அடியில் வீங்கினால் சொத்தைப் பல், ஈறு, நாக்கு, தொண்டை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பள்ளிக் குழந்தைகளுக்குப் பின்கழுத்தில் சிறு உருண்டைகள் தட்டுப்பட்டால் தலையில் பேன், சொறி, புண் இருக்கிறதா என்று தேட வேண்டும். குழந்தைகளின் கழுத்தில் பட்டாணி அளவில், தொட்டால் வழுக்கி நகரும் கணுக்கள் இருப்பது இயல்பே. பொதுவாக 1 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, மென்மையான, நகரக்கூடிய கணு அச்சப்படத் தக்கதன்று.

கழுத்தில் தோன்றும் எல்லா வீக்கமும் நிணநீர்க் கணு அல்ல என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். எச்சில் விழுங்கும்போது மேலும் கீழும் அசையும் முன்கழுத்துக் கட்டி பெரும்பாலும் தைராய்டு சார்ந்தது. சாப்பிடும்போது தாடையடியில் வீங்கி, பிறகு வடிந்துவிடும் கட்டி உமிழ்நீர்ச் சுரப்பியில் கல் இருப்பதன் அடையாளமாக இருக்கலாம். காதுக்குக் கீழே கன்னம் உப்பி, காய்ச்சலுடன் வருவது 'பொன்னுக்கு வீங்கி'. வீங்கிய குழந்தையின் கழுத்தில் தங்கச் சங்கிலி அணிவித்தால் வீக்கம் வடியும் என்ற நம்பிக்கையில் பிறந்த பெயர் அது. உண்மையில் அது வைரஸ் தொற்று. பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் தானே குணமாகும். எனினும் கடும் தலைவலி, விரை வீக்கம், காது கேளாமை ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தங்கவயலில் இதற்குத் தனி அழுத்தம் ஏன்?

ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் 1880-இல் பொறுப்பேற்ற பிறகு கோலார் தங்கவயலில் நவீன முறைச் சுரங்கத் தொழில் வேரூன்றியது. வட ஆற்காடு, சேலம், தருமபுரி உள்ளிட்ட பகுதிகளில் இருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் அங்கு சென்று குடியேறின. அவர்களில் பெரும்பான்மையினர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக இருந்தது. மைசூரு அரசு 1956-இல் சுரங்கங்களைத் தன்வசப்படுத்தியது. 1962-இல் அவை மத்திய அரசிடம் சென்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன.

தங்கவயலில் தங்கம் குவார்ட்ஸ் எனப்படும் படிகக் கல்லின் நரம்புகளில் படிந்திருந்தது. அந்தப் பாறையைத் துளையிடும்போதும் வெடிவைத்துத் தகர்க்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசி காற்றில் நிறைகிறது. நுரையீரலின் அடிவரை செல்லும் அந்தத் தூசியைக் காவல் அணுக்கள் விழுங்குகின்றன. ஆனால் சிலிக்காவை அவற்றால் செரிக்க இயலாது. அவை மடிந்து, அந்த இடம் தழும்பாக இறுகுகிறது. இதுவே சிலிக்கோசிஸ். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் மருத்துவ ஆவணங்களில் பதிவானதே கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம்தான், ஆண்டு 1947.

சிலிக்கோசிசுக்கும் கழுத்துக் கட்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இரண்டையும் இணைப்பது காசநோய். காசநோய்க் கிருமியை அடக்கிவைக்க வேண்டிய காவல் அணுக்களையே சிலிக்கா முடமாக்குகிறது. சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. தூசியை விட்டு விலகிய பிறகும் இந்த ஆபத்து நீங்குவதில்லை. சுரங்கம் மூடப்பட்டாலும் நுரையீரலில் படிந்த தூசி அங்கேயே இருக்கிறது. 1990-இல் தமது 20-வது வயதில் சுரங்கத்தில் இறங்கிய ஒருவர் இன்று 55 வயதைக் கடந்திருப்பார். காசநோய்க்கான அவரது ஆபத்து இன்னும் கடக்கவில்லை.

இத்துடன் வீட்டு அமைப்பும் சேர்கிறது. 'லைன் வீடு' என்று அழைக்கப்படும் வரிசைக் குடியிருப்புகளில் சிறிய அறைகளில் குடும்பமே நெருங்கி வாழ்ந்தது. நுரையீரல் காசநோய் உள்ள ஒருவரின் இருமலில் இருந்து பரவும் கிருமி, காற்றோட்டம் குறைந்த அறையில் மனைவியையும் பிள்ளைகளையும் பேரக் குழந்தைகளையும் எளிதில் சென்றடையும். சுரங்கத்துக்குள் கால் வைக்காத ஒரு பெண்ணின் கழுத்தில் தோன்றும் கட்டிக்குச் சுரங்கத்தில் உழைத்தவரின் இருமல் காரணமாகலாம் என்பது இப்படித்தான்.

கண்டமாலை: பழைய பெயர், இன்றைய நோய்

நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோய் வகைகளில் நிணநீர்க் கணுவைத் தாக்கும் வகை இந்தியாவில் மிகப் பரவலானது. அதிலும் கழுத்துக் கணுக்களே பெரிதும் பாதிக்கப்படுகின்றன. இளம் வயதினரிடமும் பெண்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கழுத்தைச் சுற்றி மாலைபோல் கட்டிகள் வரிசையாகத் தோன்றுவதால் தமிழ் மருத்துவ மரபு இதைக் 'கண்டமாலை' என்றது. ஐரோப்பாவில் இதற்கு 'அரசனின் நோய்' என்று பெயர். மன்னர் கைபட்டால் குணமாகும் என்று இங்கிலாந்திலும் பிரான்சிலும் மக்கள் நூற்றாண்டுகளாக நம்பினர். ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் குழந்தையாக இருந்தபோது, 1712-இல், இந்நோய்க்காக ஆன் அரசியிடம் அழைத்துச் செல்லப்பட்டார். அரசியின் தொடுதல் அவரைக் குணப்படுத்தவில்லை. கழுத்துத் தழும்புகள் வாழ்நாள் முழுவதும் இருந்தன. 1882-இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த பிறகே நோயின் மூலகாரணம் உலகுக்குத் தெரிந்தது.

இந்தக் கட்டி தொடக்கத்தில் வலிப்பதில்லை. பலரும் அலட்சியம் செய்வதற்கு அதுவே காரணம். வாரங்கள் செல்லச் செல்ல அருகிலுள்ள கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பிறகு நடுப்பகுதி இளகிச் சீழ்பிடிக்கும். சாதாரணச் சீழ்க்கட்டி போலச் சூடும் சிவப்பும் இராது என்பதால் மருத்துவர்கள் இதைக் 'குளிர்ந்த சீழ்க்கட்டி' என்பர். கவனிக்காமல் விட்டால் தோல் உடைந்து, மாதக்கணக்கில் நீர் வடியும் புண்ணாக மாறும். மாலை நேரக் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, எடைக் குறைவு ஆகியவை உடன் வரலாம். ஆனால் பலருக்குக் கட்டியைத் தவிர வேறு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. காய்ச்சலும் இருமலும் இல்லை என்பதற்காகக் காசநோய் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

எந்த அறிகுறிகள் எச்சரிக்கை?

கீழ்க்காணும் நிலைகளில் காத்திருக்காமல் மருத்துவரை அணுக வேண்டும்.

* கட்டி இரண்டு வாரங்களுக்கு மேலும் குறையாமல் இருப்பது அல்லது தொடர்ந்து பெரிதாவது.
* கட்டி கல்போல் கடினமாக, அசைத்தாலும் நகராமல் இருப்பது.
* காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் கட்டி தோன்றுவது. அளவு எவ்வளவு சிறிதானாலும் இதைச் சோதித்தே தீர வேண்டும். இடப்பக்கக் குழியில் தோன்றும் கட்டி சில நேரம் வயிற்றுப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கிறது.
* அக்குள், தொடையிடுக்கு போன்ற பிற இடங்களிலும் கட்டிகள் இருப்பது.
* காரணமின்றி எடை குறைவது, இரவில் உடை நனையும் அளவு வியர்ப்பது, நீடித்த காய்ச்சல்.
* ஆறாத வாய்ப்புண், குரல் கம்மல், விழுங்குவதில் சிரமம்.

கடைசி அறிகுறி புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு மிக முக்கியமானது. வெற்றிலையுடன் புகையிலை, குட்கா, பீடி ஆகியவற்றைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியவர்களின் கழுத்தில் வலியற்ற, கடினமான கட்டி தோன்றினால், வாய் அல்லது தொண்டைப் புற்றுநோய் கணுவுக்குப் பரவியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ரப்பர் போன்ற தன்மையுடன் பல இடங்களில் வளரும் கணுக்கள் லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கலாம். தொட்டுப் பார்த்து மட்டும் இவற்றைக் காசநோயில் இருந்து உறுதியாகப் பிரித்தறிய முடியாது. எனவே சோதனை இன்றியமையாதது.

கழுத்து வீக்கத்துடன் மூச்சுத் திணறல், வாயைத் திறக்க முடியாமை, எச்சிலைக்கூட விழுங்க இயலாமை ஆகியவை சேர்ந்தால் அது அவசர நிலை. உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

என்ன சோதனைகள் செய்யப்படும்?

முதற்படி மெல்லிய ஊசிச் சோதனை. எஃப்.என்.ஏ.சி. என்று அழைக்கப்படும் இதில், கட்டிக்குள் நுண்ணிய ஊசியைச் செலுத்தி அணுக்களை உறிஞ்சி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பர். சில நிமிடங்களில் முடிந்துவிடும். 'ஊசி பட்டால் நோய் பரவும், கத்தி பட்டால் புற்றாகும்' என்ற அச்சத்தால் பலர் இதைத் தவிர்க்கின்றனர். அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை. சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் நோயை முற்றவிடுகிறது.

எடுக்கப்பட்ட மாதிரியைச் சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியில் இட்டால், காசநோய்க் கிருமியின் மரபணு இருக்கிறதா என்பதும், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதும் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். ட்ரூநாட் இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டது. உலக சுகாதார அமைப்பு 2020-இல் அதற்கு ஏற்பளித்தது. கணுக்களில் கிருமிகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பதால், இச்சோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் காசநோயை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. அப்போது கிருமி வளர்ப்புச் சோதனையும், தேவைப்பட்டால் கணுவை முழுமையாக எடுத்துப் பார்க்கும் திசுச் சோதனையும் செய்யப்படும்.

இங்கே நோயாளிகள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அறுவை செய்து எடுத்த கணு முழுவதையும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டால் அதில் கிருமி வளர்ப்புச் சோதனை செய்யவே முடியாது. மரபணுச் சோதனையும் தடைபடும். ஒரு பகுதியை உப்பு நீரில் தனியாக வைத்து அனுப்ப வேண்டும். அறுவைக்கு முன்பே இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இல்லையெனில் அதே சோதனைக்காக மீண்டும் ஒருமுறை கழுத்தை அறுக்க நேரிடலாம்.

கழுத்துக் காசநோய் உறுதியானால் மார்பு எக்ஸ்ரே, சளிச் சோதனை, எச்.ஐ.வி. சோதனை, ரத்தச் சர்க்கரைச் சோதனை ஆகியவற்றையும் செய்துகொள்ள வேண்டும். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் எத்தனை ஆண்டுகள், எந்த வகை வேலையில் இருந்தனர் என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். சிலிக்கோசிஸ் தழும்பும் காசநோய்த் தழும்பும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோல் தோன்றக்கூடும் என்பதால், இந்தத் தகவல் இல்லாமல் ஒரு நோயை மற்றொன்றாகக் கருதிவிட வாய்ப்புண்டு.

சிகிச்சை எவ்வளவு காலம்?

கழுத்துக் கணுக் காசநோய் முழுமையாகக் குணமாகக்கூடியது. மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியாக இருந்தால் ஆறு மாதச் சிகிச்சை போதுமானது. முதல் இரண்டு மாதங்கள் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எதம்புடால் என நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதங்கள் பைரசினமைட் நீங்கலாக மூன்று மருந்துகளும் நாள்தோறும் உடல் எடைக்கேற்பத் தரப்படுகின்றன. இவை அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

இந்தச் சிகிச்சை முறையின் வளர்ச்சியில் தென்னிந்தியாவுக்குப் பெரும் பங்குண்டு. கோலாருக்கு அண்டையில் உள்ள மதனப்பள்ளியில் 1915-இல் தொடங்கப்பட்ட ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை நாட்டின் முன்னோடி மையங்களுள் ஒன்று. 1956-இல் சென்னையில் அமைந்த காசநோய் மருத்துவ ஆய்வு மையம், மருத்துவமனையில் தங்காமல் வீட்டில் இருந்தபடியே மருந்து உட்கொண்டாலும் நோய் குணமாகும் என்று 1959-இல் உலகுக்கு நிறுவியது. குழந்தைகளின் கணுக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை பலனளிக்கும் என்பதை அதே மையத்தின் ஆய்வு 1990-இல் எடுத்துக்காட்டியது.

சிகிச்சையின்போது நோயாளிகளைக் குழப்பும் ஒரு நிகழ்வு உண்டு. மருந்து தொடங்கிய சில வாரங்களில் கட்டி சிறுத்துப்போவதற்கு மாறாகப் பெரிதாகலாம். புதிய கட்டியும் தோன்றலாம். மடியும் கிருமிகளுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினையாக இது இருக்கக்கூடும். மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணிப் பலர் இந்தக் கட்டத்தில்தான் சிகிச்சையை நிறுத்திவிடுகின்றனர். அவ்வாறு நிறுத்துவது மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு வழிவகுக்கும். மருத்துவரிடம் காட்டி, தேவையானால் மறுசோதனை செய்துகொண்டு, மருந்தைத் தொடர வேண்டும். ஆறு மாத முடிவில் சிறு கணு எஞ்சியிருப்பதும் உண்டு. அது வளராமல் இருக்கும்வரை அச்சம் வேண்டியதில்லை.

சிறுநீர் செம்மஞ்சள் நிறமாவது ரிஃபாம்பிசின் மருந்தின் இயல்பான விளைவு. கண் மஞ்சளாவது, தொடர் வாந்தி, பார்வை மங்குவது ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

கட்டியைப் பிசைவது, சூடு போடுவது, பச்சிலை வைத்துக் கட்டுவது, ஊசியால் குத்திச் சீழை வெளியேற்றுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். காசநோய்க் கட்டியைக் கீறிவிட்டால் அந்த இடம் எளிதில் ஆறாமல் வடிந்துகொண்டே இருக்கும்.

மருந்துக் கடைகளில் தாமாகவே மாத்திரை வாங்கி உண்பதும் ஆபத்தானது. லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் காசநோய்க் கிருமியைச் சற்றே அடக்கி, நோயைக் கண்டறிவதைத் தாமதப்படுத்தும். ஸ்டீராய்டு மாத்திரைகள் லிம்போமாக் கட்டியைத் தற்காலிகமாகக் கரைத்து, திசுச் சோதனையின் முடிவையே திசைதிருப்பிவிடும்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

கழுத்துக் கணுவில் மட்டும் காசநோய் இருந்தால் அது மற்றவர்களுக்குத் தொற்றாது. ஒரே தட்டில் உண்பதாலோ அருகில் உறங்குவதாலோ பரவாது. நுரையீரலிலும் நோய் இருந்தால்தான் இருமல் வழியே பரவும். மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வதன் காரணமும் அதுவே. திருமண வயதில் உள்ள பெண்களுக்கு இந்நோய் வந்தால் அதை மறைக்கும் போக்கு பல குடும்பங்களில் காணப்படுகிறது. மறைப்பதால் சிகிச்சை தாமதமாகிறது. தாமதத்தால் கட்டி உடைந்து, அஞ்சிய தழும்பே நிலைத்துவிடுகிறது. காலத்தே தொடங்கிய சிகிச்சை பெரும்பாலும் தழும்பைத் தவிர்க்கும்.

காசநோய் 2012 முதல் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகும். தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவரும் நிக்ஷய் தளத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவானவர்களுக்கு 2018 ஏப்ரல் முதல் ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அத்தொகை 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. 1800-11-6666 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் விவரங்களைப் பெறலாம்.

முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களுக்கு மேலும் ஒரு வாய்ப்பு உண்டு. நோய் வருமுன்பே தடுக்கும் மருந்துச் சிகிச்சையைச் சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்கும் பரிசீலிக்கலாம் என்று 2021-ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல் கூறுகிறது. நுரையீரல் காசநோய் உள்ளவருடன் ஒரே வீட்டில் வசிப்போருக்கும் இது பொருந்தும். அதற்கு முன், தற்போது காசநோய் இல்லை என்பதைச் சோதனை மூலம் உறுதிசெய்ய வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் சிலிக்கோசிசும் காசநோயும் கண்ட தங்கச் சுரங்கத் தொழிலாளர்களும், அந்நோய்களால் இறந்தவர்களின் குடும்பங்களும் தொடுத்த வழக்கில், 500 கோடி ராண்ட் அளவிலான உடன்பாட்டுக்கு ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2019-இல் ஒப்புதல் அளித்தது. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படும் நோயையும் தொழில்சார் நோயாகவே கருத வேண்டும் என்பதற்கு அது சான்று. இந்தியாவிலும் 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின்கீழ் சிலிக்கோசிஸ் அறிவிக்கப்பட்ட நோயாக இருந்தது. எனவே பழைய பணிச் சான்றுகள், மருத்துவ அட்டைகள், எக்ஸ்ரே படங்கள் ஆகியவற்றைத் தொழிலாளர் குடும்பங்கள் பாதுகாத்து வைப்பது அவசியம். சிகிச்சைக்கும் உரிமைக்கும் அவையே ஆதாரம்.

இரண்டு வாரங்கள் கடந்தும் கழுத்துக் கட்டி கரையவில்லை எனில், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகிச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

பொறுப்புத் துறப்பு: இக்கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்காக மட்டுமே. தனிப்பட்ட நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் தகுதிபெற்ற மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும்.